யாமைப் பார்ப்பும் முதலைப் பார்ப்பும்

உயிர்களின் இளமைக்குத் தமிழ் வகுத்த பெயர்கள் ஒன்பது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என அவற்றைத் தொகுத்துத் தொல்காப்பியர் மரபியலின் தொடக்கத்திலேயே வைத்தார். இன்ன உயிரின் இளமைக்கு இன்ன பெயர் உரியது என்பதனையும் அடுத்து வரும் சூத்திரங்களால் வரையறுத்தார். பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும் உரியன, தவழ்வனவற்றுக்கும் அவையே. எலிக்கும் அணிலுக்கும் வெருகுக்கும் குட்டி, புலிக்கும் முயலுக்கும் குருளை, ஆட்டுக்கு மறி. இக்காலப் பிள்ளைகளோ இவை அனைத்தையும் குட்டி, குஞ்சு என்னும் இரண்டு சொற்களுள் அடக்கிவிட்டனர். அதுபற்றி வருந்தி எழுதுதல் என் நோக்கமன்று. வருந்தி எழுதியோர் பலர் உளர்.

இச்சூத்திரங்களைப் பாடஞ்சொல்லும்போது என் மனத்தில் எழும் வினா வேறொன்று. பெயர் பெற்ற இவ்விளம் உயிர்களைக் கண்ணாற் கண்டோர் எத்துணையர்? ஆவின் கன்றும் ஆட்டின் மறியும் வீட்டு முற்றத்திலேயே துள்ளுவன; அவற்றைக் காணாதார் இலர். வெருகின் குட்டியைக் கண்டவர் யார்? அழுங்கின் குட்டி தாயின் வாலடியைப் பற்றிக்கொண்டு அதன்மேற் கிடந்தவாறே இரவிற் செல்வது. தேவாங்கின் தாய் தன் குட்டியைக் கொம்பரில் இருத்திவிட்டு இரைதேடச் செல்லும். அது மீளுமட்டும் குட்டி அசையாது கிடக்கும். இளமை என்பது விலங்கின் வாழ்நாளில் மறைவான பகுதி. ஈன்றதை மறைத்து வைத்தலே பல உயிர்களிடத்துத் தாயின் முதற்றொழில். ஆகவே பெயர் நம் நாவில் இருப்பினும் உருவம் நம் கண்ணில் இல்லை. கண் சென்று எட்டாத இடத்தைச் சொல் சென்று நிரப்பிவிடுகின்றது. அங்ஙனம் சொல் நிரப்பிய இடங்கள் நம் சங்கச் செய்யுள்களிலும் உள. அவற்றை மாணவர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சென்ற ஆண்டு பால பண்டித வகுப்பில் ஐங்குறுநூற்று மருதம் நடந்துகொண்டிருந்தது. ஓரம்போகியார் பாடிய அந்நூறு செய்யுள்களுள் ஐந்தாம் பத்துப் புலவிப் பத்து எனப்படும். அதன் முதற் செய்யுளில், ஊடிய தலைவி தன் கணவனது ஊரை இகழ்கின்றாள். தான் ஈன்ற பார்ப்பையே தின்னும் அன்பற்ற முதலை வாழும் பொய்கையை உடையது அவன் ஊர் என்கின்றாள். அத்தகைய ஊரினன் ஆதலாலேயே தன் சொல்லை நம்பிய மகளிரின் மேனியைப் பொன்னிறமாகப் பசக்கச் செய்கின்றான் என்பது அவள் கருத்து. செய்யுளைப் படித்து முடித்தவுடன் பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

“ஐயா, முதலை தன் குஞ்சைத் தின்பதில்லை. வாயிற் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுகிறது. கைத்தொலைபேசியிற் படம் பார்த்தேன்” என்றான்.

வகுப்புச் சிரித்தது. அவன் கூறியது உண்மை. மாலையில் ஆசிரியர் அறையில் இதனைச் சொன்னபோது உடனாசிரியர் ஒருவர், “பரீட்சையில் உரையில் உள்ளதை எழுதச் சொல்லும், படத்தில் உள்ளதற்குப் புள்ளி இல்லை” என்றார். மற்றொருவர் முன்னோர் மீது அளவிறந்த பற்றுடையவர். அவர், “தின்னும் என்பதற்குக் கவ்வும் என்று பொருள் கொண்டாற் போயிற்று. நம் புலவர் அறியாத விஞ்ஞானமும் உண்டோ?” என்றார். இவ்விரு விடையும் எனக்கு உடன்பாடல்ல. ஏன் அல்ல என்பதனைக் கூறுமுன் முதலையின் வாயிற் பார்ப்பு எங்ஙனம் வந்தது என்பதனைச் சற்று விரிவாகப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டு முதலைகள் இருவகையின. ஒன்று கழிமுகங்களிலும் உவர்நீரிலும் வாழ்வது. மற்றையது குளங்களிலும் மடுக்களிலும் வாழ்வது. வன்னிக் குளங்களிலும் வில்பத்து, யால வனங்களிலும் காணப்படுவது இரண்டாவது வகை. தமிழகத்து மருதநிலப் பொய்கையில் அக்காலத்தார் கண்டதும் இதுவே ஆதல் வேண்டும். இதன் பெட்டை கரைமேட்டிற் குழி தோண்டி இருபது முப்பது முட்டைகளை இட்டு மண்ணால் மூடிவிடும். ஏறத்தாழ இரண்டு மாதம் கழியும். பார்ப்புகள் வெளிவரும் காலம் அணுகும்போது ஓட்டினுள் இருந்தவாறே குரல் கொடுக்கும். மண்ணுக்குள்ளிருந்து எழும் அச்சிறு குரலைக் கேட்டுத் தாய் வந்து முன்னங்கால்களால் மண்ணை அகழும். ஓடு உடைத்து வந்த பார்ப்புகளை ஒவ்வொன்றாகப் பல்லிடையே எடுத்து வாயினுள் இட்டுக்கொள்ளும். உடையாத முட்டையும் இருக்கும். அதனை நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே வைத்து மெல்ல உருட்டி, உள்ளே இருப்பதற்கு ஊறு நேராமல் ஓட்டை மட்டும் உடைக்கும். மானின் எலும்பை நொறுக்கும் தாடை அது! பின்னர் நீருக்குட் சென்று வாயைத் திறந்து தலையை அசைக்க, பார்ப்புகள் நீந்தி வெளியேறும். அதன் பின்னும் பல கிழமைகள் அவை தாயை விட்டு அகலா. அவை அஞ்சிக் கூவினால் தாய் விரைந்து வரும்.

ஆய்வாளரும் இதனை எளிதில் ஏற்றுக்கொண்டிலர். முதலை தன் பார்ப்பை வாயிற் கொண்டு செல்லும் என்ற பழைய செய்திகளைக் கட்டுக்கதை எனத் தள்ளியோர் பலர். கண்ணாற் கண்டவருட் சிலரும் தாய் தின்கின்றது என்றே எண்ணினர். 1970களிலேதான் தென்னாபிரிக்காவில் பூலி என்பார் ஆபிரிக்க முதலைகளை ஆண்டுக்கணக்காக நோக்கி, படமும் எடுத்து, ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில் 1976இல் ஒரு முதலைப் பண்ணை தொடங்கப்பெற்றது. அங்கு வளர்ந்தவை நம் குளத்து முதலைகளே. அவற்றுட் தந்தை முதலையும் குழியை அகழ்ந்து பார்ப்புகளை வாயிற் கொண்டு நீரில் விட்டதனை ஆய்வாளர் பதிவு செய்தனர். அன்பில்லாத தாய் என்று நாம் ஈராயிரம் ஆண்டாக ஓதிவரும் உயிர்க்கு அன்புள்ள தந்தையும் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

இனி, செய்யுளுக்கு வருவோம். நம் அளவை நூலார் அறிவு பிறக்கும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுப்பர். முதலையின் பல்லிடையே அதன் பார்ப்புக் கிடந்ததனை யாரோ ஒருவர் கண்டிருத்தல் வேண்டும். காணாதவர்க்கு இக்கூற்றுத் தோன்ற வழியில்லை. பொய்கைக் கரையில் நின்று, அஞ்சாது நோக்கி, ஒரு விரலளவே உள்ள வால் அத்தாடையின் பக்கத்தே துடிப்பதனைக் கண்ட கண் அது. காண்டல் பிழையன்று. வாய்க்குட் போனது வயிற்றுக்குட் போயிற்று என்று கொண்ட கருதலே பிழை. அதுவும் முழுப்பிழை அன்று. தாயல்லாத பெருமுதலைகள் சிறுபார்ப்புகளை விழுங்குதல் உண்மையில் நிகழ்வதே. கரையில் நிற்பவனுக்கு எது தாய், எது அயல் என்று எங்ஙனம் தெரியும்?

இன்னுமொன்று நோக்கத்தக்கது. அச்செய்யுளிலே ‘என்ப’ என்றொரு சொல் உண்டு. அவன் ஊர் அத்தகையது என்று *சொல்லுவர்* என்கின்றாளேயன்றி, யான் கண்டேன் எனத் தலைவி கூறவில்லை. ‘என்ப’ என்பதனை அசைநிலைபோல் விரைந்து கடந்து செல்லுதல் நம் வழக்கம். யான் அதனைக் கடவேன். மனையின் எல்லையைக் கடவாத தலைவி, கணவனது ஒழுக்கத்தையும் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தவள். அவனது ஊர்ப் பொய்கை முதலையையும் அவ்வாறே அறிந்தாள். அவள் கையில் இருப்பது உரை மட்டுமே. கேட்டவற்றை எல்லாம் ஒன்றாகத் திரட்டிச் சினத்தோடு வீசுகின்றாள். ஊடலில் நிற்பவள் வாயிலிருந்து முதலைக்கு நடுவுநிலையான தீர்ப்பை எதிர்பார்ப்பது நம் பேதைமை. புலவர் முதலையைப் பற்றிக் கூறினார் என்று சொல்லுகின்றோமே, அதுதான் தவறு. புலவர் தலைவியைப் பற்றிக் கூறினார். தலைவி முதலையைப் பற்றிக் கூறினாள்.

இவ்வாறு கொண்டால், தின்னும் என்பதற்குக் கவ்வும் என்று பொருள் திரிக்கும் தொல்லை நமக்கு இல்லை. திரித்தால் என்ன ஆகும்? முதலைக்கு அன்பில்லை என்ற அடையை எங்கே கொண்டுபோய் வைப்பது? தன் பார்ப்பை அன்போடு கவ்வும் முதலை வாழும் ஊரினன் எனின், அவன் பரத்தையிற் பிரிந்ததற்கும் அவள் பசந்ததற்கும் அந்த ஊர் எவ்வாறு பொருந்தும்? செய்யுளின் உயிரைப் போக்கிவிட்டு அதன் உடலுக்கு விஞ்ஞானப் பட்டம் சூட்டுதல் முன்னோர்க்குச் செய்யும் மரியாதை அன்று. மற்றைய நண்பர் கூறிய, உரையில் உள்ளதை எழுது என்பதோ இன்னும் கொடியது. அது மாணவனுடைய கண்ணைப் பறிக்கின்றது.

முதலைக்கு நேர்மாறான கதை யாமையுடையது. அதே புலவிப் பத்தின் மூன்றாம் செய்யுளும் நான்காம் செய்யுளும் யாமையைக் கூறுவன. மூன்றாவது, மரக்கால்போன்ற பெரிய யாமையின் முதுகின்மேற் செம்புபோன்ற பல பார்ப்புகள் ஏறி உறங்குவதனைக் காட்டுகின்றது. இதனைப் படிக்கும்தோறும் யான் மகிழ்வேன். வெயில் ஏறும் நேரத்தில் எக்குளக்கரைக்காவது சென்று, ஓசைப்படாமல் நின்று பாருங்கள். நீரில் வீழ்ந்து கிடக்கும் மரத்தில், இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குளத்தாமைகள் வெயில் காய்வதனைக் காணலாம். அம்பணமும் செம்பும் உவமையானது, நிறமும் வடிவும் அளவும் கண்டு வைத்த உவமை. நான்காம் செய்யுளோ, யாமையின் இளம்பார்ப்புத் தாயின் முகத்தை நோக்கி நோக்கியே வளர்வது போலத் தலைவி நின் மார்பை நோக்கி வாழ்கின்றாள், அதனை அறிந்து ஒழுகுவாயாக எனத் தோழி தலைவனுக்குக் கூறுவது. குறுந்தொகை 152ஆம் செய்யுளும் இக்கருத்தினதே: காதலர் கைவிட்டால், யாமைப் பார்ப்புப் போன்ற காமம், தாயில்லாத முட்டைபோல உள்ளே கிடந்து அழிவதன்றி வேறு என்ன செய்யும் என்று தலைவி வினவுகின்றாள்.

உண்மை யாது? நம் குளத்து யாமையும் சரி, கடல் யாமையும் சரி, தன் பார்ப்பின் முகத்தைக் காண்பதே இல்லை. முட்டையைப் புதைத்துவிட்டு நீருக்குத் திரும்பிவிடும். பார்ப்புத் தானே ஓடு கீறித் தானே மண் அகற்றித் தானே நீர் தேடிப் போகும். தாய்முகம் நோக்கி வளரும் என்று போற்றப்பட்ட பார்ப்பு, உயிர்களுள்ளே தாய்முகம் அறியாதவற்றின் முன்வரிசையில் நிற்பது. தாய் வாயிலேயே பயணம் செய்யும் முதலைப் பார்ப்போ தாயால் தின்னப்படுவது என்று பழிக்கப்பட்டது. ஒரே பத்தில், இரண்டு செய்யுள் இடையிட்டு, இரண்டு தாயரும் இடம் மாறி நிற்கின்றனர்! மூன்றாஞ் செய்யுளின் காட்சியே நான்காஞ் செய்யுளின் கருத்தைப் பிறப்பித்ததோ என எனக்கு ஓர் எண்ணம் உண்டு. பெரியதன்மேற் சிறியன ஏறியிருத்தலைக் கண்டவர், பெரியது தாய், சிறியன மக்கள் என்று கொண்டார். கழுத்தை நீட்டி அசையாதிருக்கும் அவற்றின் இருப்பை முகம் நோக்குதல் என்று கொண்டார். அவை தாயும் மக்களும் ஆகவேண்டியதில்லை என்பதனை அக்கரையிலிருந்து யாரும் அறிந்திருக்க முடியாது.

பிற்காலத்துச் சைவர் இக்கதையைச் சிறிது மாற்றினர். மீன் தன் சினையைப் பார்வையால் வளர்க்கும், ஆமை நினைவால் வளர்க்கும், பறவை தொடுதலால் வளர்க்கும் எனக் கூறி, நயன தீட்சை, மானச தீட்சை, பரிச தீட்சை என்னும் மூன்றுக்கும் இவற்றை உவமையாக்கினர். பார்வை மீனுக்குப் போய்விட்டது. ஆமைக்கு நினைவு எஞ்சியது. ஏன் இம்மாற்றம்? முட்டையிட்ட இடத்தில் தாய் இல்லை என்பதனை இடையில் யாரேனும் கண்டிருக்கலாம். கண்டபின், எங்கோ இருந்து நினைக்கின்றது என்று சொல்லுவதே எஞ்சிய வழி. தாய் இல்லை என்று ஒப்புக்கொள்ள மட்டும் எவர்க்கும் மனம் வந்திலது. இது என் ஊகமே. ஆயினும் நினைக்கத்தக்க ஊகம் என்று கருதுகின்றேன்.

கடல் யாமை பற்றி அகநானூற்று 160ஆம் செய்யுளில் குமுழிஞாழலார் நப்பசலையார் கூறுவது இன்னும் நுட்பமானது. நிறைசூல் யாமை அடும்பங்கொடி சிதைய இழுத்து, கழிக்கரை வெண்மணல் மேட்டில் மறைவாக முட்டையிட்டுப் புதைக்கின்றது. யானைக் கொம்பினாற் செய்த வட்டுப்போன்ற உருவமும் புலால் நாற்றமும் உடைய அம்முட்டைகளை, பார்ப்பு வெளிவரும்வரை, அகன்ற வாயையுடைய கணவன் காத்திருக்கின்றது. அடும்பு என்பது நம் கடற்கரைகளிற் படரும் அடம்பன் கொடியே; திரண்டால் மிடுக்கு என்று பழமொழியும் கூறி வைத்திருக்கின்றோம். கொடி அறுபட்டுக் கிடப்பது, மணல் மேடு, மறைவு, முட்டையின் வெண்மையும் உருட்சியும், நாற்றம் ஆகிய ஐந்தும் இன்று சென்று பார்ப்பார்க்கும் மெய்யே. கணவன் காத்தல் ஒன்றே மெய்யன்று. ஆண் யாமை கரையேறுவதே அரிது. ஆயின் அச்செய்யுளிற் தலைவன், மறைந்து வந்த இரவுகளை விட்டு, ஊரறியப் பகலில் தேரேறி வருகின்றான். இனி அவன் காக்கும் கணவன் ஆவான். அதற்காகவே யாமைக்கும் ஒரு கணவனைக் கொடுத்தார் நப்பசலையார். கொடுத்தது அழகே. அது கண்டதன்று, கொடுத்தது என்று மாணவனுக்குச் சொல்லிவிடுதல் ஆசிரியன் கடமை.

நம் தீவின் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் ஏறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறும் அதற்கு மேலும் முட்டைகள் இருக்கும். ஏறத்தாழ ஐம்பது அறுபது நாளில், பெரும்பாலும் இரவில், பார்ப்புகள் எல்லாம் ஒருங்கு திரண்டு மணலைக் கிளர்த்தி மேலே வரும். ஒளிமிக்க தொடுவானமே கடல் என அறிந்து அத்திசையில் ஓடும். தெருவிளக்கு மிகுந்த ஊரிலே அவ்வறிவு அவற்றை வீதிக்கு இட்டுச் செல்கின்றது. கடலிற் புகுந்தபின் பல ஆண்டுகளுக்கு அவற்றை எவரும் காண்பதரிது. ஆச்சி கார் என்னும் அமெரிக்க அறிஞர் அக்காலத்துக்கு ‘இழந்த ஆண்டு’ என்று பெயரிட்டார். காணக்கிடையாத பார்ப்பு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. தென்மேற்குக் கரையிலுள்ள பொரிப்பகங்கள் சிலவற்றில் இப்போது இவற்றைத் தொட்டியில் இட்டு வைத்து, வருவோர் உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுக்கக் கொடுக்கின்றனர். கடலில் முதல் நாள்களில் நீந்துவதற்கென்றே தாய் முட்டையில் வைத்த கரு உணவு தொட்டியிலே தீர்ந்துபோகின்றது. காணாமற் சொன்னவர் செய்யாத தீங்கைக் கண்டு களிப்பவர் செய்கின்றனர் என்று இதனைக் குறிப்பிட்டு மேலே செல்கின்றேன்.

அமேசோன் ஆற்றுப் பெரிய யாமை ஒன்றைப் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவந்த செய்தியையும் இங்கே கூறாவிடின் யான் நடுநிலை தவறியவன் ஆவேன். அவ்வினத்தில் பார்ப்புகள் ஓட்டினுள்ளேயே ஒலி எழுப்புகின்றன. தாயர் ஆற்றில் நின்று ஒலி எழுப்புகின்றனர். வெளிவந்த பார்ப்புகள் அவர்களோடு சேர்ந்து நீந்திச் செல்கின்றன என்று நீருள் ஒலிக்கருவி வைத்து ஆராய்ந்தோர் கூறுகின்றனர். யாமைத் தாய் முழுதும் அன்பற்றது என்று இனி எவரும் அடித்துச் சொல்ல இயலாது. ஆயினும் இதனைப் பிடித்துக்கொண்டு, ஓரம்போகியார் அன்றே அறிந்தார் என மேடையில் முழங்க எவரேனும் புறப்பட்டால், அமேசோன் ஆறு மருதநிலத்தில் ஓடவில்லை என்பதனை அவர்க்கு நினைவூட்டுக.

மூன்றாவது வழக்கு நண்டினுடையது. ஐங்குறுநூற்றுக் கள்வன் பத்தின் நான்காம் செய்யுள், தாய் சாகப் பிறக்கும் நண்டையும் பிள்ளையைத் தின்னும் முதலையையும் ஒருங்கே வைத்து அவன் ஊரைப் பழிக்கின்றது. ஒன்றில் மகவு தாயைக் கொல்கின்றது. மற்றதில் தாய் மகவைக் கொல்கின்றது. கொடுமையை இவ்வளவு சுருக்கமாக எவரும் கூறியதில்லை. நண்டு பற்றிய இந்நம்பிக்கை சங்க காலத்தோடு நிற்கவில்லை. ஔவையாரின் நல்வழி, அழிவு வரும் காலத்திற் கருவுயிர்ப்பன என நண்டு, சிப்பி, மூங்கில், வாழை நான்கையும் கூறுகின்றது. நம் நாட்டுப் பிள்ளைகள் சிறுவயதிலேயே இதனை மனனம் பண்ணுகின்றனர். மூங்கில் பலவும் பூத்தபின் பட்டுப்போதல் மெய். வாழைத்தண்டு குலை ஈன்றபின் மடிதலும் மெய். அவற்றை வேலியிலும் தோட்டத்திலும் எவரும் காணலாம். சிப்பியும் நண்டும் அவ்வாறல்ல. கண்ணெதிரே நின்றவை இரண்டும் சரியாக வந்தன. நீருக்கடியில் இருந்தவை இரண்டும் பிழைத்தன.

வயல் வரப்பில் வளையிட்டு வாழும் நன்னீர் நண்டின் தாய், முட்டைகளை வயிற்று மடலின் கீழே அணைத்து வைத்திருக்கும். பொரித்தபின்னும் சிறு நண்டுகள் முழு வடிவோடு அம்மடலுக்குள்ளேயே சில காலம் கிடக்கும். ஒருநாள் மடல் திறக்க, அவை கூட்டமாகக் கொட்டுண்டு ஓடும். வயிறு பிளந்து மக்கள் வெளிவந்தன, தாய் இறந்தது என்று கண்டவர் கொண்டதில் வியப்பில்லை. உண்மையில் தாய் பின்னரும் வாழும். கடல் நண்டின் கதை வேறு. அதன் முட்டையிலிருந்து வருவது நண்டுபோல் இராது. கண் பெருத்து, முதுகில் முள் நீண்டு, ஒளி ஊடுருவும் ஒரு நுண்ணுயிர் அது. மேனாட்டு அறிஞர் அதனைத் தனி இனம் என்றே கொண்டு தனிப்பெயரும் சூட்டிவிட்டனர். 1820களில் அயர்லாந்தில் இராணுவ வைத்தியராயிருந்த வோகன் தொம்சன் என்பார், அது நண்டின் இளமையே என்பதனைக் கண்டு கூறினார். கூறியபின்னும் நெடுநாள் மறுத்தோர் உண்டு. நம்மவர் மட்டுமே காணாமற் சொன்னார் என்று எவரும் நாணவேண்டாம்.

தாய் சாகப் பிறக்கும் உயிர் கடலில் இல்லாமலுமில்லை. எட்டுக் கைகளையுடைய பேய்க்கணவாய், கற்பொந்தில் முட்டைகளைத் தொங்கவிட்டு, அவற்றின்மேல் நீரை ஊதி ஊதிக் காத்து, உண்ணாமல் இருந்து, அவை பொரிக்கும் காலத்தில் இறக்கும். ஓரம்போகியாரின் தலைவிக்கு வேண்டிய உவமை பொய்கையில் இல்லை, கடலடியில் இருந்தது. ஆனால் மருதத் தலைவிக்கு அது கிட்டாது, திணை மயங்கும்.

இவ்வளவும் கூறியதனால், சங்கப் புலவரை விலங்கியற் பரீட்சையில் இருத்திப் புள்ளி இடுகின்றேன் என எவரும் கருதற்க. அவர்கள் நின்ற கரையில் நாம் நிற்பதில்லை என்பதே என் குறை. பார்ப்பு என்ற சொல்லுக்கு அகராதியில் ‘பறவை முதலியவற்றின் குஞ்சு’ என்று பொருள் பார்க்கின்றோம். உரையாசிரியர் கூறியதனை அடுத்த உரையாசிரியர் கூறுகின்றார், அதனை நாம் கூறுகின்றோம், மாணவன் எழுதுகின்றான். காண்டலும் கருதலும் கழிந்து, உரைக்கு உரை உரையாக நிற்கின்றது. உ. வே. சாமிநாதையர் ஐங்குறுநூற்றை 1903இல் அச்சிட்டார். இலங்கை நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த தெரணியகல நம் தீவின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய பெருநூலை 1939இல் வெளியிட்டார். ஒன்றை எடுத்து மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தமிழாசிரியர்க்கு வேண்டிய காலம் கிடைத்திருந்தது. நம் நூலகங்களிலோ இலக்கியத் தட்டும் விஞ்ஞானத் தட்டும் எதிரெதிர்ச் சுவரில் உள்ளன. இடையே நடப்பார் இலர்.

மாணவரை முதலைக் குளத்துக்கு அழைத்துச் செல்க என்று யான் கூறவில்லை. பெற்றோர் என்னைத் தேடி வருவர். ஆமைக் குளத்துக்கு அழைத்துச் செல்லலாம். வயல் வரப்புக்கு அழைத்துச் செல்லலாம். முதலைக்கு அம்மாணவன் கண்ட படமே போதும்; வகுப்பில் எல்லார்க்கும் அதனைக் காட்டியபின் செய்யுளைப் படிப்பித்தால், தலைவியின் சினம் முன்னிலும் தெளிவாகக் கேட்கும் என்பது என் அனுபவம். அடுத்த வாரம் அவ்வாறே செய்தேன். வழக்கமாக உரை எழுதிக்கொள்வதோடு அமையும் வகுப்பு, அன்று ‘என்ப’ என்னும் ஒரு சொல்லைப் பற்றி முக்கால் மணிநேரம் வாதிட்டது. முதலையைப் பற்றி அவள் அறியாதவள் என்றால், கணவனைப் பற்றி அவள் கேட்டதும் பொய்யாக இருக்கலாமே என்று ஒரு மாணவி வினவினாள். அவ்வினா உரை எதிலும் இல்லை. அதற்கு விடை கூறாமல் வகுப்பை முடித்தேன்.

பாடநூல் ஆக்குவோர்க்கும் வினாத்தாள் அமைப்போர்க்கும் ஒரு விண்ணப்பம். அச்செய்யுளின் கீழ்ச் சிறிய எழுத்தில் இவ்வாறொரு குறிப்பு அமைத்தால் தகும்: ‘முதலை தன் பார்ப்புகளை வாயில் எடுத்துச் சென்று நீரில் விடும். இதனைத் தின்னுதல் என்று கொண்டது பழைய வழக்கு. தலைவி கேள்வியால் அறிந்ததாகக் கூறுகின்றாள்; ‘என்ப’ என்றதனை நோக்குக.’ அச்சிற் பிடிப்பது நான்கு வரி.